மாமாவைச் சுற்றிப் போன வண்டி

எங்கள் பக்கத்தில் முகமில்லாத பிளக்ஸ் கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைத்தாலும், காது குத்தினாலும், பரமக்குடியில் புதிதாக ஒரு பரோட்டாக் கடை திறந்தாலும் சாலையோரம் ஒரு பிளக்ஸ் எழும். அதில் யாராவது ஒருவர் காதில் கைபேசியை வைத்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். (பதாகை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்தச் சொல், பிளக்ஸ் அடித்தே குடும்பம் நடத்தும் என் தாய்மாமனுக்கே புரியாது.) ஓர் எந்திரம் நேர்வழியில் செல்வதும் வழி விலகுவதும்கூட இந்த முகங்களைப் பொறுத்ததுதான் என்பதை, பொறியியல் கல்லூரியின் இறுதி ஆண்டில், ஓர் அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னிலையில் நான் கற்றுக்கொண்டேன்.

எந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தரையில் ஒரு கருப்புக் கோடு வளைந்து நெளிந்து செல்லும். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவுள்ள ஒரு சிறு வண்டி, யாருடைய கையும் படாமல், அந்தக் கோட்டின்மேல் தானே ஓடி முடிக்க வேண்டும். வண்டியின் வயிற்றில் உணரிகள் வரிசையாக இருக்கும். அவை தரைமீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் அளவைக் கொண்டு வெள்ளை எது, கருப்பு எது என்று அறியும். கோடு இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் திரும்பு என்று நாம் எழுதிவைத்த நிரலுக்குக் கட்டுப்பட்டுச் சக்கரங்கள் சுழலும். மிக விரைவாக ஓடி முடிக்கும் வண்டிக்குப் பரிசு. முழு உடம்பும் கோட்டைவிட்டு வெளியேறினால் அத்தோடு ஆட்டம் முடிந்தது.

எங்கள் வண்டியை நானும் தேவிபட்டினத்துத் தோழி நஸ்ரினும் சேர்ந்து உருவாக்கினோம். கம்பிகளைப் பற்றவைத்ததும், மோட்டார்களைப் பொருத்தியதும், சக்கரங்களுக்கு ரப்பர் சுற்றியதும் அவள். நிரல் எழுதியது நான். (வேலை அவளுடையது, பேச்சு என்னுடையது என்றும் இதைச் சுருக்கலாம்.) வண்டிக்கு ‘நண்டு’ என்று அவள் பெயர் வைத்தாள். நேராகப் போகவேண்டிய ஒன்றுக்குப் பக்கவாட்டில் நடக்கும் பிராணியின் பெயரா என்று நான் அரைமணி நேரம் வாதிட்டேன். “நீ பேசி முடி, அதுக்குள்ள நான் இதப் பத்த வச்சு முடிச்சிருறேன்” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

அந்தப் போட்டியில் நாங்கள் வென்றாக வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்குத் தானியங்கி வண்டிகள் செய்து தரும் ஒரு நிறுவனம், ஆறு மாதப் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நஸ்ரின் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. என் வீட்டில் அய்யா இருந்தார். முதுகுளத்தூர்ச் சாலையில் உள்ள எங்கள் ஊரில் மிளகாயும் பருத்தியும் போடுகிற அவருக்கு, மகள் மதுரைக்குப் போய் வங்கித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது விருப்பம். வங்கி என்றால் அவருக்குத் தெரியும். நேரில் போய் நின்றிருக்கிறார். தானாக ஓடும் வண்டியைத்தான் அவர் பார்த்ததில்லை.

“திருவிழாக் கடையில விக்கிற காருதானத்தா இது?” என்று கேட்டார்.

“அது ரிமோட்டுல ஓடுறதுய்யா. இது தானா ஓடும்.”

“தானா எப்படி ஓடும்? பூட்டுன மாடே அதட்டுனாத்தான் நகருது. ரிமோட்ட எங்கன வச்சிருக்க?”

“ரிமோட்டே இல்லய்யா.”

“சரித்தா, இல்ல” என்றார், இருப்பதை அறிந்த ஒருவரின் பொறுமையோடு.

அன்று எனக்காகப் பேசியவர் சேது மாமா. அம்மாவின் அண்ணன், பரமக்குடியில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவர். “மாப்ள, புள்ள போட்டியில செயிச்சுட்டா கோயம்புத்தூருக்கு அனுப்புவீகளா?” என்று நேரடியாகக் கேட்டார். அய்யா ஒரு வெற்றிலையின் நரம்பைக் கிள்ளி முடிக்கும்வரை யோசித்தார்.

“செயிக்கட்டும் மச்சான், அனுப்புறேன்.”

ஆக என் வாழ்க்கை ஒரு கருப்புக் கோட்டின்மேல் ஏற்றப்பட்டது.

போட்டியை நடத்தியது மண்டபத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு கல்லூரி. ஓடுபாதையின் வரைபடத்தை அவர்கள் முன்னதாகவே எல்லா அணிகளுக்கும் அனுப்பி, இதே பாதைதான், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழகுவதற்கு அறை அளவுக்கு ஒரு பிளக்ஸ் வேண்டும். மாமா அதைத் தம் செலவில் அடித்துத் தருவதாகச் சொல்லி, அப்படியே தந்தார். கடை மாடியில் அதை விரித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

பாதை அச்சுப் பிசகாமல் வந்திருந்தது. அதன் மூன்றாம் வளைவுக்கு உள்ளே, காலியாக இருந்திருக்க வேண்டிய வெள்ளைப் பரப்பில், மாமா இருந்தார். கருப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். காதில் கைபேசி இருந்தது. முறுக்கிவிட்ட மீசை கன்னங்களைத் தாண்டி வளர்ந்து, அதன் இடது நுனி ஓடுபாதையின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே, ‘மருமகள் வெற்றிபெற வாழ்த்தும் தாய்மாமன்’ என்று எழுதியிருந்தது.

“மாமா, இதுல படம் வரக் கூடாதே” என்றேன் தயங்கி.

“மொகம் இல்லாத பிளக்ஸ நான் எப்படி மருமகளே அடிப்பேன்? அடிச்சு முடிச்சுப் பாத்தா வெறிச்சுன்னு கெடந்துச்சு. மனசு கேக்கல.”

நண்டை முதன்முறையாக ஓடவிட்டோம். இரண்டு வளைவுகளை அழகாகக் கடந்தது. மூன்றாவதில் மீசையின் நுனியைக் கோட்டின் கிளை என்று எண்ணி, அதன்மேல் ஏறி, மேலுதட்டின் வழியாக மறுபுறம் சென்று, அங்கே மீசை முடிந்துவிட்டதைக் கண்டு திகைத்து, கன்னத்தில் அலைந்து, கடைசியில் கருப்புக் கண்ணாடிக்குள் புகுந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருப்பு. பிறந்தது முதல் அது தேடிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டதுபோல, அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது.

“ஒங்க மாமா கண்ணுக்குள்ள குடியிருக்குடி” என்றாள் நஸ்ரின்.

இன்னொரு பிளக்ஸ் கேட்க மனம் வரவில்லை. திருப்பிப் போடலாமென்றால், பின்புறம் கருப்பாக உள்ள உயர்ந்த சரக்கில் மாமா அடித்திருந்தார். எளிய வழி ஒன்றே இருந்தது. மறுநாள் ஒரு பெரிய வெள்ளைத் தாளை வெட்டி மாமாவின் முகத்தின்மேல் விரித்து, நான்கு மூலைகளிலும் ஒட்டினோம். நண்டு பிசிறின்றி ஓடியது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மாமாவும் அத்தையும் தேநீரும் போண்டாவும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள்.

பிளக்ஸில் நீட்டிப் படுத்திருந்த மாமாவையும், அவர் முகத்தை மூடியிருந்த வெள்ளையையும் அத்தை பார்த்தார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். குனிந்து தாளை உரித்தெடுத்தார். முந்தானையால் மாமாவின் அச்சடித்த நெற்றியைத் துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆளு நெடுநெடுன்னு நிக்கிறாக. அதுக்குள்ள மொகத்த மூடிட்டியே ஆத்தா.”

“அய்யோ அத்த, அது வண்டிக்காக...”

“வண்டிக்காகத்தான் எல்லாரும் மூடுறாக. கடைசி வண்டிக்கு.”

மாமா சிரிக்க முயன்றார். ஆனால் அன்று அவர் போண்டாவைத் தொடவில்லை. நான் எத்தனையோ பாடங்களைக் கசடறக் கற்றவள் என்று என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். முகத்தின்மேல் வெள்ளை விரிப்பது எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்குத்தான் என்பது, போண்டா ஆறும்வரை என் நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை நான் நிரலைத் திருத்தினேன். மூன்றாம் வளைவு வந்ததும் சிறிது நேரம் உணரிகளைப் பொருட்படுத்தாதே. கோட்டைவிட்டு வெளிப்புறமாக இறங்கு. மாமாவின் மீசைக்கு எட்டாத தொலைவில் அரைவட்டமாக ஒதுங்கிச் சென்று, வளைவின் மறுமுனையில் மீண்டும் கோட்டில் ஏறு. கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பெரியவரைக் கடந்துபோகும் மருமகளைப்போல நண்டு அதைச் செய்தது. ஒவ்வொரு சுற்றிலும் மாமாவை அடையும்போது ஒதுங்கும். கடந்ததும் கோட்டில் சேரும். பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குக் கண் கலங்கியது. “என்னா மருவாத, என்னா மருவாத” என்று சொல்லிக்கொண்டே கீழே போனார்.

போட்டியில் இந்த ஒதுக்கம் கூடாது என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே மடிக்கணினியில் இரண்டு நிரல்களை வைத்துக்கொண்டோம். மாடியில் பழகுவதற்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று. முதலாவதற்கு ‘மாமாவுடன்’ என்றும் இரண்டாவதற்கு ‘மாமா இல்லாமல்’ என்றும் பெயரிட்டேன். பெயர் என்பது பொருளைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற கொள்கை உடையவள் நான்.

போட்டியன்று காலையில் ஒரு வேன் பிடித்து எல்லாரும் வந்தார்கள். அய்யா வெளுத்த சட்டை போட்டிருந்தார். அத்தை வண்டிக்கென்று ஒரு முழம் மல்லிகைச்சரம் கொண்டுவந்திருந்தார். அதை எங்கே சூட்டுவது என்று தெரியாமல் என் தலையிலேயே வைத்துவிட்டார். அரங்கின் சன்னல்கள் வழியே வந்த கடற்காற்றில் ஓடுபாதை பிளக்ஸின் ஓரங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் செங்கற்களை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பிளக்ஸில் ஒரு முகமும் இல்லை. “யாரு அடிச்சதோ, துக்க வீடு மாதிரி இருக்கு” என்றார் மாமா.

நஸ்ரின் பெயர் பதியப் போயிருந்தாள். நான் ஒரு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, நண்டைக் கம்பியால் இணைத்து, ‘மாமா இல்லாமல்’ என்ற பெயரின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு குரல் அதை எழுத்துக்கூட்டிப் படித்தது.

“மாமா இல்லாமல்.”

திரும்பினேன். மாமா நின்றிருந்தார்.

“அது என்ன மருமகளே, மாமா இல்லாம?”

“அது வந்து மாமா... சும்மா ஒரு பேரு.”

“இல்ல, போட்டிக்குன்னு வாரப்ப மாமா இல்லாம ஓடணும்னு இருக்குமாக்கும்” என்றார். சண்டைக்குக் கேட்டிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பேன். அவர் மிக மெதுவாக, தனக்குத்தானே ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொள்பவர்போலச் சொன்னார். கையிலிருந்த துண்டை ஒருமுறை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அய்யாவிடம் எனக்காக வாதாடிய மனிதர். காசு கேட்காமல் பிளக்ஸ் அடித்த மனிதர். நாங்கள் ஒருமுறை முகத்தை மூடியதையும் பொறுத்துக்கொண்ட மனிதர்.

என் விரல் தானாக நகர்ந்தது. ‘மாமாவுடன்’ என்பதைத் தொட்டேன்; அந்த நிரல் நண்டுக்குள் ஏறியது. “இதத்தான் மாமா போடப் போறேன்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் மாற்றிவிடலாம் என்பது என் திட்டம். (என் திட்டங்களில் இதுவும் ஒன்று.) மலர்ந்த முகத்தோடு அவர் அங்கேயே நின்றார். எங்கள் அணியின் பெயரை அழைக்கும்வரை நின்றார். அழைத்ததும் நண்டைத் தாமே இரு கைகளிலும் ஏந்தி ஓடுகளம்வரை கொண்டுவந்து கொடுத்தார்.

“மாத்திட்டதான?” என்று நஸ்ரின் காதோரம் கேட்டாள். நான் குனிந்து நண்டைக் கோட்டின்மேல் வைத்தேன். அதையே அவள் ஆம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஊதல் ஒலித்தது. நண்டு புறப்பட்டது. முதல் வளைவில் அது சென்ற வேகத்தில், முன்வரிசையில் அமர்ந்திருந்த மற்ற அணியினர் எழுந்து நின்றார்கள். இரண்டாம் வளைவு முடிந்தபோது அதுவரை ஓடிய எல்லா வண்டிகளையும்விட அது முந்தியிருந்தது. மூன்றாம் வளைவின் வாயிலில் வேகத்தைக் குறைத்தது. கோட்டைவிட்டு இறங்கியது. மாசற்ற வெள்ளைப் பரப்பில், ஒருவருமில்லாத இடத்தை விட்டு ஒதுங்கி, நிதானமாக ஓர் அரைவட்டம் போட்டு, மறுமுனையில் கோட்டில் ஏறி, ஒன்றுமே நடவாததுபோல விரைந்தது.

நடுவர் ஊதினார். ஊதல் மனிதர்களுக்குரியது, நண்டுக்குக் காது வைக்கவில்லை. ஓடிப்போய் எடுக்க வேண்டிய நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிலையாக நின்றேன். அது அடுத்த சுற்றையும் தொடங்கி, அதே இடத்தில், அதே அரைவட்டத்தை, அதே பணிவோடு மீண்டும் போட்டது. இம்முறை மாணவர்கள் கைதட்டினார்கள். நஸ்ரின்தான் பாய்ந்து அதைத் தூக்கினாள். காற்றில் அதன் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

நடுவர் வயதான பேராசிரியர். அவர் மூன்றாம் வளைவின் அருகில் குந்தி அமர்ந்து, தரையை விரலால் தேய்த்து முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியோடு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, ரெண்டு தடவையும் அந்த எடத்துல ஒதுங்கிப் போகுதே. அங்க என்ன இருக்கு?”

தூசி என்று சொல்லியிருக்கலாம். சன்னல் வெயில் உணரிகளைக் குழப்பியது என்று சொல்லியிருக்கலாம். அது நம்பும்படியாகவும் இருந்திருக்கும். நாக்கு என் வசத்தில் இல்லை.

“அங்கன எங்க மாமா இருக்காக சார்.”

நடுவர் வெள்ளைத் தரையை மறுபடி பார்த்தார். பின்வரிசையிலிருந்து மாமா எழுந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் இங்கன இருக்கேன்யா” என்றார்.

அதன்பின் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் முழுக்கதையையும் ஒலிபெருக்கியில் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “வண்டி மேல குத்தமே இல்லம்மா. சொன்னதச் சொன்னபடி செஞ்சிருக்கு. ஆனா கோட்ட விட்டு எறங்கிருச்சே” என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லி, எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்.

வேனுக்கு நடந்து வரும்போது மாமா அய்யாவின் பக்கத்தில் ஓடி ஓடி நடந்தார்.

“மாப்ள, புள்ள மேல கோவப்படாதீக. நான் பின்னால நிக்கப் போயித்தான் அது மாத்திருச்சு. தப்பு என்னுது.”

“கோவம் என்னத்துக்கு?” என்றார் அய்யா. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். “ஏத்தா, அது ஓடுறப்ப ஒன் ரெண்டு கையும் எங்கன இருந்துச்சு?”

“வாயில இருந்துச்சுய்யா.”

“அதத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ துப்பட்டாக்குள்ள ரிமோட்ட வச்சு ஓட்டப் போறன்னு, நான் வண்டியப் பாக்காம ஒன் கையவே பாத்தேன். ரெண்டு கையும் வாயில. அது பாட்டுக்கு வளைஞ்சு போகுது. மறுபடியும் வளையுது. ரிமோட்டு இருந்திருந்தா நீ அத அங்கன போக விட்டிருப்பியா?”

“மாட்டேன்யா.”

“அப்ப தானாத்தான ஓடுது.” அவர் வேனில் ஏறி அமர்ந்தார். “செயிச்சிருந்தா இத நான் நம்பிருக்கவே மாட்டேன் மச்சான். நல்லா ஓட்டிட்டான்னு நெனச்சிருப்பேன்.” வண்டி கிளம்பி, உப்பளங்களைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்: “கோயம்புத்தூருக்கு என்னைக்குத்தா போகணும்?”

நஸ்ரின் என் கையைக் கிள்ளினாள். அத்தை மல்லிகைச்சரத்தில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார்.

நாங்கள் போனோம், ஆறு மாதம் கழிந்தும் திரும்பவில்லை. இன்றும் அந்த ஊரில் நூற்பாலைகளுக்கான வண்டிகளுக்கு நிரல் எழுதுகிறேன். நஸ்ரின் அடுத்த மேசையில் அவற்றின் கம்பிகளைச் சரிபார்க்கிறாள். என் குடும்பத்துக்கோ அந்த நாளிலிருந்து ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. சாலையில் முன்னால் போகும் லாரி காரணமின்றி ஒதுங்கினாலும், நேரே வரவேண்டிய ஆள் தெருவைச் சுற்றி வந்தாலும், யாராவது ஒருவர் கேட்பார்: “அங்கன யாரு மாமன் இருக்கான்?”

என் திருமணத்தில் மணவறையைச் சுற்றி வந்தபோது, சிந்தியிருந்த நெய்யில் கால் வைக்காமல் என் கணவர் சற்று விலகி நடந்தார். முன்வரிசையிலிருந்து அய்யா அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் குலுங்கின; மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “என்ன சொல்றாங்க?” என்று கணவர் தாழ்ந்த குரலில் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்தச் சிரமத்தை எனக்கு யாரும் வைக்கவில்லை. பந்தியில் அவருக்கு வலப்பக்கம் மாமாவும் இடப்பக்கம் அய்யாவும் எதிரே நஸ்ரினும் அமர்ந்து, சாம்பாருக்கும் பாயசத்துக்கும் இடையில் ஆளுக்கொரு விதமாக அந்தக் கதையைச் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதைகள். அவற்றுள் ஒன்றில்கூட எங்கள் வண்டி தோற்கவில்லை.